உண்ணிப் பொருத்தம்

சூறைக்குருவிகள் அந்த வருஷமும் வழக்கம்போல, யாரும் கூப்பிடாமல், யாரிடமும் விசா வாங்காமல், எத்தனையோ மலையும் பாலையும் தாண்டி எங்கள் நெடுவாக்குளத்துக்கு வந்து, குளத்துக்குள்ளும் கரையிலும் நிற்கிற உடைமரங்களில் கிளை தெரியாமல் உட்கார்ந்து, ரோஸ் நிற வயிறும் கறுப்புத் தலையுமாகக் கத்தித் தீர்த்து, சோளத்தில் பாதியைத் தின்று மீதியின் மேல் எச்சமிட்டன, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று. அவற்றின் இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்த உண்ணிகள் உதிர்ந்து மனிதர்களைக் கடித்தபோது, அந்த உண்ணி முதன்முதலில் யாருடைய ரத்தத்தைக் குடித்ததோ அவருடைய உடம்பு கடிபட்டவருக்கு வந்துவிட்டது. அவருக்கு அங்கே குளிர்ந்தால் இவருக்கு இங்கே குளிரும். அவர் அங்கே சாப்பிட்டால் இவருக்கு இங்கே ஏப்பம் வரும். உண்ணி ஒட்டியிருக்கிற வரைக்கும் அப்படி இருக்கும், பிடுங்கிவிட்டால் போய்விடும். எத்தனை பேரைக் கடித்தாலும் உண்ணி அந்த முதல் ரத்தத்தை மட்டும் மறக்காது. சாமி வருவதைப் பார்த்துப் பழகின ஊர் என்பதால், உடம்பு வருவதைப் பற்றி யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை.

முதலில் கடிபட்டவர் பஞ்சாயத்துத் தலைவர் பொன்பாண்டி. காந்தி ஜெயந்திக்குக் கிராமசபைக் கூட்டம், மண்டையைப் பிளக்கிற வெயில், தலைவர் மைக்கைப் பிடித்து "நமது ஊரின் வளர்ச்சி" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல முடியாமல் பல் கிட்டிக்க நின்றார்.

"குளிருது. முதுகு கழண்டு விழுது. கோசு நறுக்கி நறுக்கிக் கை மரத்துப்போச்சு. இன்னும் எத்தனை மூடைதான் நறுக்க? இந்த ஆளு வேற பின்னால நின்னு ஏசிக்கிட்டே இருக்கான்."

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு வெங்காயம் உரிச்ச கையில்ல அது. கோசாம்!" என்று பெண்கள் பக்கத்தில் இருந்து அவர் பெண்டாட்டி சொர்ணம் சொல்ல, கூட்டம் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் சொர்ணத்துக்கு முகம் மாறிவிட்டது. அவள் மகன் வெளிநாட்டில் பெரிய ஓட்டலில் மேனேஜர் என்றுதான் ஊருக்குத் தெரியும். அவள் மேடை ஏறி, அத்தனை பேர் முன்னாலும் புருஷன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, நீ சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டாள்.

உண்ணியைப் பிடுங்கின பிறகு தலைவருக்குப் பழைய உடம்பும் பழைய குரலும் வந்தன. "அது என் மகன் இல்ல. யாரோ ஒரு வெள்ளைக்காரன். பாவம்" என்றார். அப்படியே தீர்மானம் நிறைவேறியது.

விஷயம் என்னவென்றால், எங்கள் ஊர்ப் பையன்கள் இருபது முப்பது பேர் ஒரே ஏஜென்ட் மூலமாக ருமேனியா என்கிற தேசத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். சூறைக்குருவிகள் கோடைக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிற இடமும் அந்தப் பக்கம்தான் என்று பள்ளிக்கூடத்து சார் சொன்னார். "குருவியும் அங்கனதான் இருக்கு, நம்ம பையன்களும் அங்கனதான் இருக்கானுவ. குருவி மட்டும் வருஷம் தவறாம வீட்டுக்கு வந்துருது" என்று தெற்குத்தெரு அமராவதி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய மகன், ரொட்டித்துண்டு தின்று மிச்சம் பிடிப்பதாகப் போனில் அழுகிறவன், அவனுக்காக அவள் சனிக்கிழமைதோறும் பட்டினி விரதம் இருந்துகொண்டிருந்தாள். அவளை ஒரு உண்ணி கடித்தது. ஒரு பகல் முழுக்க இறைச்சி தின்று பீர் குடித்த வயிற்றோடு ஏப்பம் விட்டபடி படுத்துக் கிடந்தாள். அடுத்த சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக இட்லி தின்றாள், சாமியும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்காது.

இப்படி ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. அண்ணாச்சி கடையில் ஐப்பசிப் புழுக்கத்துக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வந்து தொங்கின. ரேஷன் வரிசையில் ஒரு பொம்பிளை திடீரென்று நின்றபடியே தூங்கினால், "அங்க இப்ப ராத்திரி ஷிப்டு முடிஞ்சிருக்கும், எழுப்பாதீங்க" என்று மற்றவர்கள் அவள் பையை நகர்த்தி வைத்தார்கள். சுகாதாரத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்தார். உண்ணி கண்டம் விட்டுக் கண்டம் போகிற பிராணி, காய்ச்சலைக் கொண்டுவரும், தொடக்கூடாது என்று நல்ல விதமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு, தன் மகள் கனடாவில் இருப்பதாகவும் அவளிடமிருந்து வந்த உண்ணி ஏதாவது கிடைக்குமா என்றும் மெல்லக் கேட்டார். இந்தக் குருவி கனடா போகாது என்றதும் பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

ஆண்பிள்ளைகளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஊருக்குள் எத்தனையோ மேனேஜர், எத்தனையோ இஞ்சினியர் என்று கட்டி வைத்திருந்ததை ஒரு பூச்சி வந்து சரிப்பதா? எங்கள் ஊரில் குருவி மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அது எங்கள் மாமனார்கள் காலத்துக்கும் முந்தின கட்டுப்பாடு. அந்த வருஷம் தலைவர் உட்பட ஆண்கள் எல்லோரும் முதல்முறையாகக் கட்டுப்பாட்டை மீறி வெடி போட்டே தீருவது என்று கிளம்பினார்கள். பெண்கள் குளக்கரையில் உடைமரங்களுக்கு அடியில் போய், ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைகளும் போனில் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்கிறார்கள், நம்பாமல் என்ன செய்வது, ஆனாலும் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்டாட்டிமார் தலைக்கு மேல் வெடியைப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அத்தோடு அது முடிந்தது.

இதில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு உண்ணி செய்வதைப் பார்த்து உள்ளூர் ஆட்டு உண்ணிகளும் அதையே செய்யத் தொடங்கின. வெளிநாட்டுக்காரன் ஒன்று செய்தால் நாமும் செய்துவிட வேண்டும் என்கிற ஆசை மனிதருக்கு மட்டும்தானா என்ன. ஆட்டு உண்ணி கடித்தால் ஆட்டின் உடம்பு வந்தது. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த உண்ணிகள் கடித்ததெல்லாம் கிடை போடுகிற ஆட்களைத்தான். கிடைக்காரர்கள் எப்போதுமே அறுவடையான வயலில் ஆட்டை அடைத்து உரத்துக்காக அங்கேயே கிடப்பவர்கள், அவர்கள் கொஞ்சநேரம் பேசாமல் நின்று வாயை அசைபோட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியும்.

அந்தக் கிடைக்காரர்களில் ஒருவர்தான் கோம்பையா. அவர் பெண்டாட்டி ஆவுடையம்மாள், எனக்கு இரண்டு வீடு தள்ளி. அவர்களுக்கு ஒரே மகன், குறுங்குடி நம்பிப் பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளை, நம்பிராஜன். "ஆட்டுப் புழுக்கை நாத்தத்தோட எவ எனக்குக் கழுத்தை நீட்டுவா?" என்று சொல்லிக் கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அவன் ருமேனியாவுக்குப் போனான். "போ லே. ஆட்டைத் தொடமாட்டேன்ங்கிற கை அங்க போயி என்னத்தைத் தொடுதுன்னு பாப்போம்" என்றார் கோம்பையா. அதற்குப் பிறகு மகனோடு பேசவில்லை. போன் வரும்போது மட்டும் காது கேட்கிற தூரத்தில் ஏதாவது வேலை இருப்பதுபோல உட்கார்ந்துகொள்வார்.

"எம்மா, இங்க பெரிய பண்ணைக் கம்பெனி. நான் சூப்பர்வைசர்" என்பான் நம்பிராஜன்.

"நல்லா இரு ராசா."

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள் ஆவுடையம்மாள், ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

கார்த்திகை பிறந்த வெள்ளிக்கிழமை, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தவளை முழங்கைக்கு உட்புறம் ஒரு உண்ணி கடித்தது. முதலில் காற்று வந்தது, மேலே இருந்து இறங்குகிற ஈரக்காற்று. பிறகு வலது கை, அங்கே இல்லாத ஒரு கம்பை இறுக்கிக்கொண்டது. உள்ளங்கையில் எண்ணெய் மாதிரி வழவழப்பு, அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கிடைக்காரன் பெண்டாட்டிக்குக் கம்பளிப் பிசுக்குத் தெரியாதா? கால்கள் அவசரமில்லாமல், முன்னால் அசைந்து போகிற எதற்கோ பின்னால் போவதுபோல நடந்தன. ஆக, ஆடு மேய்க்கமாட்டேன் என்று சபதம் போட்ட பிள்ளை, பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, மூன்று விமானம் மாறிப் போய் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, ஆனால் இரண்டுக்கும் இடம் விடாமல் நெஞ்சுக்குள் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது, அது அவள் எதிர்பார்க்காத ஒரு நிம்மதி. அவள் வாய் தானாகக் குவிந்து ஒரு சீட்டி அடித்தது. விலகிப்போன ஆட்டைத் திருப்புகிற சீட்டி. கோம்பையா வீட்டுச் சீட்டி. கடைசியில் மட்டும் கொஞ்சம் உடைந்தது.

வாசலில் கம்புக்கு முனை சீவிக்கொண்டிருந்த கோம்பையா சீவுவதை நிறுத்திவிட்டார். "ஏட்டி, உள்ள என்ன சத்தம்?"

"குக்கருங்க."

"நம்ம வீட்டுல ஏது குக்கரு?"

"பக்கத்து வீட்டுல."

அவர் எழுந்து போய் ஆட்டுப்பட்டிக்குள் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவளுக்குச் சர்க்கரை பார்க்கிற நாள். வள்ளியூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற பெண், குழல்வாய்மொழி என்று நீளமான பெயர், எல்லோரும் மொழி என்பார்கள். ஆவுடையம்மாள் கையில் ரப்பர் குழாயைக் கட்டப்போனவள் நின்றாள்.

"என்னம்மா இது, உண்ணியா?"

"பிடுங்கிராத தாயி. அது என் மகன்."

"உங்க மகன் நரம்பு மேலயே உக்காந்திருக்காரே. அவரை எழுப்பினாத்தான் நான் ஊசி போட முடியும்" என்று, இடுக்கியால் வலிக்காமல் எடுத்து, பஞ்சு வைத்த சின்னக் குப்பியில் போட்டாள். எடுக்கும்போது அது அவள் விரலில் கொஞ்சம் தொற்றிக்கொண்டது, தட்டிவிட்டுக் குப்பியை மூடினாள். "பேர் எழுதணுமே. என்ன பேரு?"

"நம்பிராஜன்."

எழுதி ஒட்டி, ரிசல்ட்டோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லி மேசையில் வைத்துக்கொண்டாள். ரிசல்ட்டுக்காக ஆவுடையம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே யாரோ சீட்டி அடிக்கிற மாதிரிக் கேட்டது. ஆட்டோக்காரனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குப்பி திரும்பக் கைக்கு வந்தது, சர்க்கரை எகிறிப் போயிருந்தது.

"மகன்கிட்ட சொல்லுங்கம்மா."

"அவன்கிட்ட எதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

"கல்லுக்கு எப்படிம்மா சுகர் வரும்? கல்கண்டுன்னு திருத்திச் சொல்லுங்க" என்றாள் மொழி. அந்த நிமிஷத்தில்தான் ஆவுடையம்மாளுக்கு இந்தப் பெண்ணை மகனுக்குக் கேட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை. அது வேர் பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததில் இருந்து இறங்குகிற வரைக்கும் குறுங்குடி நம்பியிடம் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

விசாரித்ததில் ஒரே சாதிசனம்தான், ஜாதகமும் கூடியது. பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். சங்கிலிபூதத்தான் என்று பெயர், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த எழுத்தர் உத்தியோகத்தை இன்னும் முகத்தில் இருந்து கழற்றவில்லை. "அப்பன் ஆடு மேய்ச்சா மேய்ச்சிட்டுப் போறாரு. மகன் சூப்பர்வைசர்ங்கிறதாலதான் இந்தப் பேச்சுக்கே உக்காந்திருக்கேன். ஆட்டுக்காரனுக்கு எங்க அக்கா மகளைக் குடுக்க நாங்க என்ன வழியில்லாமலா கிடக்கோம்?" என்றார். அவருடைய தாத்தாவும் கிடைதான் போட்டார், அது அவருக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

ஜோசியர் வள்ளிநாயகம் அப்போதுதான் ஒரு புதுமுறை கொண்டுவந்திருந்தார். பத்துப் பொருத்தம் பார்த்த பிறகு, வெளிநாட்டு மாப்பிள்ளையானால் பதினோராவதாக உண்ணிப் பொருத்தம். மாப்பிள்ளையின் உண்ணியைப் பெண்ணின் தாய்மாமன் சபையில் வைத்துக் கடி வாங்கி, மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று சொல்லவேண்டும். இது ஆதிகால ஓலையிலேயே இருக்கிறது என்றார் ஜோசியர். அந்த ஓலையை யாரும் பார்த்ததில்லை.

"கட்டிக்கப் போறது நான். கடி வாங்குறது மாமாவா?" என்று மொழி கேட்டாளாம். பொம்பிளைப்பிள்ளை உடம்பில் அந்நிய ஆண்பிள்ளை உடம்பு வரலாமா என்று சத்தம் போட்டார்கள். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

குப்பி ஆவுடையம்மாளின் சாமி அலமாரியில் இருந்தது. அதைத் திறந்தால் மாமன்காரர் சபை நடுவில் சீட்டி அடிப்பார், மொழி கிடைக்கமாட்டாள். தூக்கி எறிந்துவிடலாம் என்றால் அது மகன், எப்படி எறிவது? "நம்பி பெருமாளே, நான் ஒரு பொய்யும் சொல்லல. அவன் சொன்னதைத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளைய மட்டும் எனக்குக் குடு" என்று காலையும் மாலையும் கும்பிட்டாள். பொய் சொல்லவும் மாட்டேன், உண்மையும் வெளியே வரக்கூடாது என்றால் பெருமாள்தான் என்ன செய்வார், பாவம். கோம்பையா துண்டை உதறிக்கொண்டு, "அந்தக் குப்பிக்குள்ள என்னட்டி?" என்று ஒருநாள் கேட்டார். "மருந்து" என்றாள். "ம்" என்றார்.

தை பிறந்து, பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண் வரக்கூடாது என்பதுதான் முறை. "உண்ணியைக் கையாளத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மாமாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டா?" என்று சொல்லி மொழி கையுறை, இடுக்கி, மருந்து எல்லாவற்றோடும் வந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் என்றதும் மாமாவே முறையைத் தளர்த்திவிட்டார். தலைவர் வந்தார், ஜோசியர் வந்தார், எங்கள் தெரு முழுக்க வந்தது. ஆவுடையம்மாள் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மொழி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவள் அன்றைக்குப் போட்டது கடுகு அளவு, செம்பழுப்பு. இப்போது உள்ளே இருந்தது ஆமணக்கு விதை மாதிரிக் கொழுத்துச் சாம்பல் நிறத்தில் உருண்டுகொண்டிருந்தது. ஆவுடையம்மாளும் பார்த்தாள். எங்கள் ஊர் ஆட்டு உண்ணியை அவளுக்குத் தெரியாதா? மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கோம்பையா ஓட்டுக்கூரையில் ஏதோ ஒழுகல் இருப்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக மகனோடு பேசாத மனுஷன், குக்கர் சத்தத்தில் உடைந்த அந்தக் கடைசிச் சுருதி யாருடையது என்று அன்றைக்கே கண்டுபிடித்திருந்தார்.

மொழி இடுக்கியால் அதை எடுத்து மாமாவின் கையில் வைத்தாள்.

கொஞ்சநேரத்தில் சங்கிலிபூதத்தான் முகத்தில் இருந்து அந்த எழுத்தர் இறங்கிப் போனார். கண் பாதி மூடியது. தாடை பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது.

"சொல்லும்வே, எப்படி இருக்கு?" என்றார் ஜோசியர்.

"வயிறு நிறைஞ்சிருக்கு."

"கவலை ஏதும் உண்டா?"

"அப்படின்னா?"

சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கவலை என்றால் என்னவென்றே தெரியாத மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது.

"வேலை எப்படி?"

"முன்னால ஒருத்தர் போறாரு. நான் பின்னால போறேன். அவரு நின்னா நிக்கேன்."

"பாத்தீரா, நிர்வாகத்துல இருக்கான்!" என்றார் ஜோசியர்.

"எங்க கட்சியிலயும் இதே நடைமுறைதான்" என்றார் தலைவர்.

மாமா தாம்பாளத்தில் இருந்த வெற்றிலைக் கட்டை அப்படியே எடுத்துக் காம்போடு மென்றார். நல்ல வருமானம் என்று சொன்னார்கள். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்த ஜோசியரைத் தலையால் ஒரு முட்டு முட்டினார். அதிகாரத் தோரணை என்று சொன்னார்கள். பதினோரு பொருத்தமும் பழுதில்லாமல் பொருந்தியிருப்பதாக ஜோசியர் நெற்றியைத் தடவிக்கொண்டே அறிவித்தார். பந்தி போட்டார்கள். மாமா சோற்றை விட்டுவிட்டு இலையை ஓரத்தில் இருந்து தின்றுகொண்டு வந்தார், அவ்வளவு எளிமை என்று அதற்கும் ஒருவர் சொன்னார். ஆவுடையம்மாள் பரிமாறிக்கொண்டே பெருமாளுக்கு நன்றி சொல்லலாமா மன்னிப்புக் கேட்கலாமா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மாப்பிள்ளையோடு வீடியோவில் பேசுவது. போனைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால், யாரிடமோ வாங்கின கோட்டில், தோள் ஒருபக்கம் இறங்கி நம்பிராஜன் தெரிந்தான். பின்னால் "மே" என்று ஒரு சத்தம்.

"அது டி.வி." என்றான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மொழி. கேட்கச் சொன்னார்கள். எத்தனை அறை உள்ள வீடு என்று கேட்பாள் என்று நினைத்தார்கள். அவள் வாயைக் குவித்துச் சீட்டி அடித்தாள். விலகிப்போன ஆட்டைத் திருப்புகிற சீட்டி. கடைசியில் கொஞ்சம் உடைந்தது.

போனில் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டது என்று ஒருவர் போனைத் தட்டினார். சிக்னல் இருந்தது.

"உங்களுக்கு... இது எப்படி?"

"உங்க உண்ணி என் விரல்லயும் ரெண்டு நிமிஷம் உக்காந்துச்சு. ஊசியக் கையில வச்சுக்கிட்டு நான் மலைச்சரிவுல நின்னேன். ஒரு குட்டி நொண்டுதுன்னு தூக்கித் தோள்ல போட்டீங்க. அந்தப் பாரம் எனக்கு இன்னும் தோள்ல இருக்கு." அவள் குரல் லேபில் பேசுகிற மாதிரியேதான் இருந்தது. "நீங்க அங்க சந்தோஷமாத்தான் இருக்கீங்க. அதை மறைக்கிறது ஒண்ணுதான் உங்க உடம்புல வலி. எனக்குச் சூப்பர்வைசர் வேண்டாம். திருப்பிச் சீட்டி அடிங்க. முடியாதுன்னா போனை வைங்க, நான் பஸ்ஸுக்குப் போகணும்."

ஆவுடையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நம்பிராஜன் முதலில் கோட்டைக் கழற்றினான். உள்ளே கம்பளிப் பிசுக்கேறின பனியன். அப்புறம் உதட்டை நனைத்துக்கொண்டு, ருமேனியாவில் இருந்து சீட்டி அடித்தான்.

வெளியே பட்டியில் படுத்திருந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. தட்டியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, செருப்புகளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து போனுக்கு முன்னால் வந்து நின்றன. பந்தியில் இருந்து, பாதி இலையை வாயில் வைத்தபடி, சங்கிலிபூதத்தான் எழுந்து, ஆடுகளுக்கு நடுவில் இடம் பிடித்து, அவரும் வந்து நின்றார்.

ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலை தின்றது விளங்கியது, முட்டினது விளங்கியது, முன்னால் போகிறவர் யார் என்பதும் விளங்கியது. தலைவர்தான் பாவம், கட்சி நடைமுறையைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கோம்பையா ஆடுகளை விலக்கிக்கொண்டு வந்து போனைக் கையில் எடுத்தார்.

"கடைசியில உடையுதுல. நாக்கை உள்ள மடக்கணும்."

"எப்பா."

"குளிருதா?"

"குளிருதுப்பா."

"சுத்தி அவ்வளவு கம்பளி நிக்கி. கிட்டப் போயி உக்காரத் தெரியாதா? நல்லா மேய்ச்ச போ" என்றார். போனை ஆவுடையம்மாளிடம் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சம்மதம் சொல்லவேண்டியவர் அவர்தானே, முறை என்று ஒன்று இருக்கிறதே. மொழி இடுக்கியோடு பக்கத்தில் போனாள்.

"மாமா, எடுத்துரவா?"

"இருக்கட்டும்ளா. இப்ப என்ன அவசரம்? உத்தியோகம் பாத்த காலத்துலகூட இப்படி நிம்மதியா இருந்ததில்ல."

"கல்யாணத்துக்குச் சம்மதமா மாமா?"

அவர் அசைபோடுவதை நிறுத்தி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீ முன்னால போ. நான் பின்னால வாறேன்" என்றார்.

வரும் ஆவணிக்கு முகூர்த்தம் குறித்தார்கள். ஜோசியர் பதினோராவது பொருத்தத்தை ஓலையில் இருந்து எடுத்துவிட்டார், அது பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்று சொன்னார்.

பங்குனியில் குருவிகள் திரும்பிப் போக ஆயத்தமாகி, உடைமரங்களில் கூட்டம் கூட்டமாக வட்டமடித்துப் பார்த்தன. குருவி போகப்போகிறது என்று ஆண்பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். ஆவுடையம்மாள் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குளக்கரைக்கு நடந்துபோனாள். அந்த வருஷம் இங்கேயே பொரித்த குட்டி உண்ணிகள், இன்னும் யார் ரத்தமும் குடிக்காதவை, மரப்பட்டையில் பொடியாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் சாமி பேரைச் சொல்லிக் கையை நீட்டினாள். அவை குடித்து முடிக்கிற வரைக்கும் அசையாமல் இருந்து, ஒவ்வொன்றாகக் குருவிகள் அடைகிற கிளையிலேயே திரும்ப விட்டாள். ஒருவரும் கூப்பிடாமலே சொர்ணம் வந்தாள், அமராவதி வந்தாள், நாங்கள் எல்லோரும் வந்தோம். பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியாகிவிட்டது. நாங்கள் போனில் சொன்னதெல்லாம் மட்டும் என்னவாம்?

சித்திரை கடைசியில் ஒரு பகல் ஆவுடையம்மாளுக்குப் போன் வந்தது. நான் அப்போது அவள் வீட்டில்தான் இருந்தேன்.

"எம்மா" என்றான் நம்பிராஜன். குரல் ஒருமாதிரி இருந்தது. "காலையில இருந்து முழங்கால மடக்க முடியல. எவ்வளவு தண்ணி குடிச்சாலும் நாக்கு வறளுது. கண்ணுல வேற பூச்சி பறக்கு. எவ்வளவு நாளாம்மா உனக்கு இப்படி இருக்கு?"

ஆவுடையம்மாள் கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

"அங்க குருவி எல்லாம் நல்லபடியா வந்து சேந்துட்டா ராசா?" என்றாள்.